மூன்று ஆம்பியர்

முனிரத்தினம் பட்டறையில் வெல்டிங் முடிந்து
டிரெய்லர் வெளியே வந்த அன்று
அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றார் தேசிங்கு.
முதலில் கணக்குப் போடலாம் என்றேன் நான்.

மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் வீட்டு மீட்டரைப் படித்தவள்.
யார் வீட்டுக்கு ஏசி வந்தது,
யார் வீட்டில் விடிய விடிய ஒரு விளக்கு எரிகிறது,
எல்லாம் யூனிட்டில் தெரிந்துகொண்டவள்.
கம்பமே இல்லாத இடத்துக்கு
இப்போதுதான் போகிறேன்.

பழைய ரீடிங் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.
பேட்டரி நூறு ஆம்பியர் மணி.
அதில் பாதியைத் தொடக்கூடாது,
தொட்டுப் பழகினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.
நடுவில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே ஐம்பது.

ஃபேன் பன்னிரண்டு. விளக்கு இரண்டு.
போன்கள் மூன்று.
அவர் தூங்கும்போது மூக்கில் மாட்டும் மெஷின்
மணிக்கு மூன்று ஆம்பியர்,
எட்டு மணி நேரத்துக்கு இருபத்துநாலு.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினெட்டு வருடம் பக்கத்தில் படுத்தும்
இந்த மனுஷன் மூச்சுக்கு
ஒரு ரீடிங் உண்டென்று தெரியாமல் போச்சு.

கேஸ் பற்றிக் கவலையில்லை.
தடாவில் வாங்கிய ஐந்து கிலோ சிலிண்டர்.
ஃபுல்லு என்றார் கடைக்காரர் தெலுங்கில்.
தராசில் வையுங்கள் என்றேன் தமிழில்.
கழுத்தில் அடித்திருந்த எடையைக் கழித்தால்
நாலு கிலோ எண்ணூறு.
மிச்ச இருநூறு கிராம் எங்கே என்றதற்கு
இரண்டு மொழியிலும் சேராமல் சிரித்தார்.

சோறு, குழம்பு, நாலு வேளை டீ.
நாளுக்குக் கால் கிலோ என்றாலும்
பத்தொன்பது நாள் ஓடும்.
நாங்கள் தங்கப்போவதோ நாலு ராத்திரி.
நெருப்பு தாராளம்.
மின்சாரம்தான் ரேஷன்.

ஆரம்பாக்கம் தாண்டி, ஏரிக்கரைச் சேறு இறுகிய இடத்தில்
வண்டியை நிறுத்தினோம்.
எந்த மாநிலம் என்று போனுக்கே குழப்பம்.
கதவருகே ஆந்திரா வரவேற்றது,
படுக்கைப் பக்கம் போனால் தமிழ்நாடு.

இரண்டு நாள் நல்ல வெயில்.
கூரைப் பலகைகள் நாற்பது, நாற்பது என்று
எடுத்ததைத் திருப்பி வைத்தன.
மூன்றாம் நாள் கடலிலிருந்து மேகம் ஏறி
ஏரியை மூடிக்கொண்டது.
சாயங்காலம் பார்த்தால் வரவு எட்டு.
கையிருப்போடு சேர்த்துப் பதினேழு.

பொலேரோவை ஓடவிட்டு ஏற்றலாம்.
நூறடியில் பூநாரைகள்
ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தன.
அவற்றை எண்ணத்தான் லீவு போட்டு வந்திருக்கிறார்.
சாவியை எடுத்தேன்.
வைத்தேன்.

அவர் தூங்கின பிறகு ஃபேனை நிறுத்தினேன்.
விளக்கை நிறுத்தினேன்.
இரண்டு போனையும் பிடுங்கிப் போட்டேன்.
கொசு வந்தது, வரட்டும்.
அப்படியும் ஏழு குறைகிறது.

இரண்டு மணிக்கு ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்து
அடுப்பைப் பற்றவைத்தேன்.
டீ ஒரு சாக்குதான்.
நீலச் சுடரில் அவர் முகம் பாதி தெரிந்தது,
குழாயும் முகமூடியும் மாட்டிய
ஏதோ கடலடி ஆள் மாதிரி.
மெஷின் இழுத்தது, விட்டது, இழுத்தது.
மூன்றரை சுமாருக்கு
பேட்டரி என் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

ஊரில் எத்தனை வீட்டில்
கட்டணம் கட்டலை என்று ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறேன்.
கோடு போட்டவளே தாண்டுகிறேன்,
கேட்க யாருமில்லை.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

விடிந்ததும் பைனாகுலரோடு போனவர்
முழங்கால் வரை சேறாகத் திரும்பிவந்தார்.
'நல்லாத் தூங்கினேன் புவனா.
எத்தனை தெரியுமா? அறுநூற்றுப் பன்னிரண்டு!'
'இருபத்துநாலு' என்றேன்.

'எங்கே, நான் பார்க்கலையே' என்று
மறுபடி ஏரிப்பக்கம் திரும்பினார்.