ஆணி ஓட்டை

குளவி கொட்டிய நாலாம் நாளும்
என் இடது கண் திறக்கவில்லை.
வெளிச்சம் ஆகாது, படுத்துக் கிட என்றார்
டிஸ்பென்சரி ஐயா.
ஜன்னல் பலகையைச் சாத்தி
கதவிடுக்கில் படங்குச் சாக்கைச் செருகிவிட்டு
டிலுக்சி பள்ளிக்கூடம் போனாள்.
மூன்று பெரட்டு போயிற்று,
மூன்று நாள் பேரும் போயிற்று.
காம்பிராவுக்குள் நானும்
நேற்றைய ரொட்டியும் இருட்டும்.

ஒன்பது மணி இருக்கும்.
ஸ்டோர் பக்கம் லொறி முக்குகிற சத்தம்.
எதிர்ச்சுவரில், அடுப்புப் புகை ஏறாத
கொஞ்சம் சுண்ணாம்பில்
ஏதோ நகர்ந்தது.
பூச்சி என்று நினைத்தேன்.
லொறி.
மல்லாந்து விழுந்த வண்டு போல
சக்கரம் மேலே, கூரை கீழே,
சத்தம் வெளியே, ஓட்டம் உள்ளே.

காய்ச்சல்தான் என்று இருந்த ஒரு கண்ணையும் மூடினேன்.
திறந்தபோதும் இருந்தது.
ஏழாம் நம்பர் மலை முழுதும் என் சுவரில்
தலைகீழாய், பச்சையாய்.
உச்சியில் இருக்கும் துரை பங்களா
எல்லாவற்றுக்கும் கீழே, என் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்.
ஓடையோரத்துப் பழைய லயம்
எல்லாவற்றுக்கும் மேலே, கூரைத் தகரத்தை ஒட்டி.
மேகங்கள் தரையில் மேய்ந்தன.
கணக்கப்பிள்ளை ஆரோக்கியத்தின் குடை
ஒழுக்குக்கு வைத்த சட்டி மாதிரி
வாய் திறந்து கிடந்தது.

ஜன்னல் பலகையில் ஆணி கழன்ற ஓட்டை.
அதுவழியாகத்தான் அத்தனை பெரிய மலை
குனிந்து வந்திருக்கிறது.
விரலால் பொத்தினேன்: மலை இல்லை.
எடுத்தேன்: மலை.
பொத்தினேன். எடுத்தேன்.
முப்பத்தொன்பது வயதில் இப்படி விளையாடியதை
நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

அடகுக்கடைக் கலண்டரைக் கழற்றி
வெள்ளைப் பின்பக்கத்தை நீட்டினேன்.
கிட்டே கொண்டுபோனால் மலை சிறுக்கிறது, தெளிகிறது.
இன்னும் கிட்டே.
கலண்டரை விட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.
கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகளில்
பங்களா வந்து உட்கார்ந்தது,
சிவப்புக் கூரை, புல்வெளி எல்லாம்.
என் ஆயுள் ரேகை அதன் முன்வாசலில் புகுந்து
குசினி வழியாக வெளியேறியது.

டிலுக்சியின் நீலப் பேனையால்
தாளில் விழுந்ததன் மேலேயே கோடு இழுத்தேன்.
கடைசியாய்ப் பேனை பிடித்தது
சங்கத்துச் சந்தாப் படிவத்தில்.
நிரையில் நின்றவர்களில் பூரணியை
சாய்ந்த தோளால் அடையாளம் கண்டேன்.
பாதி இழுக்கையில் முகில் மூடியது.
மலை போயிற்று.
இடுப்புவரை பூரணி
தாளில் மிச்சம்.

"ஏம்மா தலைகீழா மாட்டியிருக்கே?"
நேராகத் திருப்பிப் பார்த்தோம்.
தினமும் பார்க்கிற மலை.
மறுபடி தலைகீழாகவே மாட்டினோம்.
சம்பள வாரம் கொழும்பிலிருந்து வந்த இவர்
காத்து வருதே என்று
ஓட்டையில் சவுக்காரத்தை அப்பினார்.
அவர் பஸ் ஏறிய பிறகு
என்னிடம் கொண்டை ஊசி இருந்தது.

வேலைக்குத் திரும்பிய நாள்
இருபத்தொரு கிலோ நிறுத்துப் பதினெட்டு எழுதினார் ஆரோக்கியம்.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
கழித்தது கழித்ததுதான்.
அவர் குடையைப் பார்த்தேன்.
வந்த சிரிப்பை
படங்கு நுனியால் பொத்திக்கொண்டேன்.

"என்னையும் பாத்தியாமே,
என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்?" என்றாள் பூரணி.
"காலால மலையத் தூக்கிப் பிடிச்சிருந்த."
"ஆமா, பின்ன?" என்றாள்
கொழுந்திலிருந்து கையை எடுக்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து
என் உள்ளங்காலிலும் கனத்தது.
கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது.
பிடுங்க ஒரு காலைத் தூக்கினேன்,
மலை நழுவி வானத்துக்குள் விழுந்துவிடாமல்
மறு காலை
அழுத்தி ஊன்றிக்கொண்டு.