நோவாக்

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலையின் மூன்றாம் மாடி.
வெளிநாட்டார் வேலை பெர்மிட் என் மேசை.
குடும்பப் பெயர் கட்டத்தில் மாத்தியாஸ்
ஐந்து ஆங்கில எழுத்து எழுதியிருந்தார்.
நோ. ஆக்.
கிறுக்கல் தாளில் தமிழில் சேர்த்தேன், பழக்கதோஷம்.
நடுவில் ஒரு வகரம் தானாக வந்து உட்கார்ந்தது.
நோவாக்.
நோவாக் கை, நோவாக் காது, நோவாக் கல்யாணம்:
அடுத்த சொல்லுக்குக் காத்து நிற்கிற பெயர்.

ஜெர்மன் பெயரா என்றேன்.
எழுத்து ஜெர்மன், பெயர் சோர்பியம் என்றார்.
ஜெர்மானியர் வருமுன்பே
லுசாட்டியாவில் ஏர் பூட்டிய சிறு கூட்டம்.
ஊர்ப்பலகையில் இரண்டு மொழி,
அவர்களுடையது கீழே,
அவர் ஊரில் கொஞ்சம் பொடி எழுத்தில்.
அந்த மொழியில் அவருக்குப் பத்து வரை எண்ணத் தெரியும்,
ஒரு வசவும் தெரியும்.

கோட்புஸ் பக்கம் கல்லை எறிந்தால்
ஒரு நோவாக் மேல் விழுமாம்.
பள்ளியில் இவர் வகுப்பில் மட்டும் மூன்று பேர்.
பேக்கரி நோவாக், நெட்டை நோவாக்,
இவர் பாலத்து நோவாக்.
முன்பு பெயரின் நடுவில் இன்னோர் எழுத்து இருந்தது,
ஏதோ ஒரு பாதிரியார் பதிவேட்டில்
காதில் விழுந்ததை எழுதினார், அது உதிர்ந்தது.
எந்த எழுத்து?
வ, என்றார்.
கிறுக்கல் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.
படிக்கத் தெரியவில்லை அவருக்கு.
வகரத்தின் மேல் மட்டும் விரலை வைத்துக் காட்டினேன்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
தேவலெட்சுமி ஏ/பி மருதப்பன்.
அண்ணனின் அடையாள அட்டையில் மருதப்பேன்.
பதிவுக் கிளார்க்கின் தயவில்
ஒரே வீட்டில் எங்களுக்கு இரண்டு அப்பா.
விமான டிக்கெட்டில் என் குடும்பப் பெயர்
சில நேரம் 'ஏபி'.
இதைச் சொன்னதும்தான் அவர் முதல்முறை சிரித்தார்.

குடிநுழைவு அலுவலகம், லெபு பந்தாய்.
எண் நாநூற்றுப் பன்னிரண்டு.
கவுண்டரில் ரோஸ்மாவாத்தி, எனக்குப் பழக்கம்.
அழகான பெயர், என்ன பொருள் என்றாள்.
புதிதாக வந்தவன், என்றார்.
போன மாதம்தானே வந்தீர்கள்?
நான் போன மாதம். பெயர் வந்தது
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில்,
பக்கத்து ஊரிலிருந்து. நாலு மைல்.
இன்னுமா புதியவர்?
இன்னும்.

"ஓ, பெண்டாத்தாங்" என்று சிரித்தவள்
என்னைப் பார்த்ததும்
சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்தாள்.
அந்தச் சொல்லை என்மேல் எறிந்தவர்கள் உண்டு.
அவளில்லை.
நான் நாலாவது தலைமுறை,
நாலு மைலைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம், அவ்வளவுதான்.
இதைச் சொல்லியிருக்கலாம்.
புகைப்படம் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம், என்று முத்திரையை எடுத்தாள்,
வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தினாள்.

திங்கட்கிழமை அவருடைய கேன்டீன் அட்டை வந்தது.
எங்கள் படிவத்தில் நடுக்கட்டம் காலியாக இருக்க முடியாது,
கணினி தானே நிரப்பிவிடும்.
மாத்தியாஸ் ஏ/எல் நோவாக்.
மன்னியுங்கள், மாற்றித் தருகிறேன் என்றேன்.
பொருள் கேட்டார். சொன்னேன்:
புதிதாக வந்தவனின் மகன்.

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நாசி கண்டார் வரிசையில் போய் நின்றார்.
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
அவர் கடைசி.
பிறகு அவருக்குப் பின்னாலும் ஆள் வந்தார்கள்.