மூணாம் நம்பர் கூண்டு

பாம்பன் கம்பத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
இருபது வருடமாகச் செய்தியில் கேட்ட வாக்கியம்.
நேரில் பார்த்தால்
பரணிலிருந்து இறக்கிய கோழிக்கூடை மாதிரி இருந்தது.

காற்று கூடியதால் ரயில் பாலம் ஏறவில்லை.
லாட்ஜில் கரண்ட் இல்லை.
பையில் பதினோரு படகுகளின் கோப்பு:
போன புயலில் மூழ்கியவை, உடைந்தவை,
மூழ்கியதாகச் சொல்லப்படுபவை.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர். ஊர் கரூர்.
நீச்சல் தெரியாது.

"ஐஸ் கம்பெனிக்கு வாங்க சார், கச்சேரி இருக்கு"
என்றான் டீ கொடுத்த பையன்.
கச்சேரி என்றதும் தம்புராவைத்தான் நினைத்தேன்.
போனால்
உப்பு அரித்த இரும்புக் கதவில் சாக்பீஸ் எழுத்து:
மூணாம் நம்பர் கூண்டு.
இசைக்குழுவின் பெயராம்.
கூண்டு ஏறினால் யாரும் கடலுக்குப் போக முடியாது.
யாரும் போக முடியாத நாளில் மட்டும் இவர்கள் வாசிப்பார்கள்.
வருடத்துக்கு ஆறேழு தடவை.
தேதியை வானிலை மையம் அறிவிக்கும்.

நாலு பேர்.
கீழக்கரை ஆகில் தன் பேஸ் கிடாரை
கம்ப்ரஸரின் உறுமலோடு சேர்த்துச் சுருதி பிடித்தான்.
"இது நிக்கவே நிக்காது சார். இதான் எங்க தம்புரா."
தங்கச்சிமடம் மெர்சியா, நண்டுக் கம்பெனியில் சதை பிரிப்பவள்,
மூன்று விரலில் பிளாஸ்டரோடு கம்பிகளைத் தொட்டாள்.
இரண்டு கட்டை செத்துப்போன கீபோர்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
டிரம்ஸில் கில்டஸ்.

செ. கில்டஸ். கோப்பு எண் ஏழு.
மதியம் என் முன்னால் கையைக் கட்டி நின்று
"எல்லாம் போச்சு சார்" என்று மட்டும் சொன்னவன்.

முதல் பாட்டு டீசல் மானிய டோக்கனைப் பற்றி.
இரண்டாவது யாரையோ திட்டியது.
யாரென்று கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது.
தெரியாமலே நானும் சிரித்தேன்.
மூன்றாவதில் வார்த்தை அதிகமில்லை.
"கரையில நிக்கிறேன், கரையும் நகருது"
அவ்வளவுதான். பத்துப் பதினைந்து தடவை,
ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் கிழிந்து.
மீன்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.
ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ்கள் தாளம் போட,
என் செருப்புக்குள் ஐஸ் தண்ணீர் ஏற,
சட்டைப்பையில் பேனா தானாக அதிர்ந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
கில்டஸின் இடப்பக்கம், நைலான் கயிற்றில்,
பித்தளை விசிறி. மூன்று இதழ்.
படகுக்கு அடியில் சுழல வேண்டியது.
ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதை ஒரே ஒரு அடி அடித்தான்.
சிம்பல் மாதிரி சிதறவில்லை,
கோயில் மணி மாதிரி நீளவில்லை.
தண்ணீருக்கடியிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
கனமாக வந்து நின்றது.
அது அடங்கும்வரை கூட்டம் காத்திருந்து, பிறகு கத்தியது.

தொழில் புத்தி. பக்கத்தில் போனேன்.
நடுக்குடத்தில் எண் பொறித்திருந்தது: 4471.
கோப்பு ஏழு, பக்கம் மூன்று:
எஞ்சின், தண்டு, விசிறி எண் 4471, முற்றிலும் இழப்பு.

நான் குனிந்ததை அவன் பார்த்தான்.
கை நிற்கவில்லை.
அடுத்த அடி சரியான இடத்தில் விழுந்தது,
என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி.

முடிந்தபிறகு, மழையில், டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே
அவனே வந்தான்.
"ரெண்டு நாள் முங்கினேன் சார். படகு வரல.
இது மட்டும் கையில வந்துச்சு.
எடைக்குப் போட்டா ஒம்பதாயிரம்."
கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தான்.
பிறகு, மதியம் என்னிடம் எதற்கும் கேட்காத குரலில் கேட்டான்:
"நல்லாருந்துச்சா?"

மூன்றாவது பாட்டு என்றேன்.
காசோலை கிடைத்தவன் மாதிரி தலையாட்டினான்.

மறுநாள் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
பஸ் ஜன்னலில் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.
மடியில் கோப்பு ஏழு.
'மீட்கப்பட்ட பாகங்கள்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
பஸ் குலுங்கி ஒரு புள்ளி விழுந்தது.
பரமக்குடி வரை அந்தப் புள்ளிதான்.
இடது காதில் அது இன்னும் அடங்கவில்லை.
எங்கே இறங்கணும் என்று
கண்டக்டர் இரண்டு தடவை கேட்டாராம்.