பலே

முதல் நாள் என்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்தேன்.
வெங்காயம் நாற்பது மூட்டை என்றேன்: பலே.
பூண்டு ஆறு பெட்டி: பலே, பலே.
முட்டை இன்றைக்குக் கிடையாது என்றேன்,
அதற்கும் ஒரு பலே.
சூரை பிடிக்கும் கப்பலின் சமையற்காரர் எலாடியோ
போர்ட் லூயி துறைமுகத்தில்
எங்கள் சரக்குக் கடை கவுண்டரில் முழங்கை ஊன்றி
என் பதினாறு வருடக் கணக்கெழுத்துக்கு
எந்த முதலாளியும் தராத பட்டத்தைத்
தந்துகொண்டே இருந்தார்.

இரவில் கையேட்டைப் புரட்டினேன்.
ஆங்கிலம் அறிந்தோருக்கான ஸ்பானியம்,
ரோஸ் ஹில் பழைய புத்தகக் கடையில் எழுபது ரூபாய்.
வ என்று எழுதி ப என்று படிப்பார்களாம்.
பொருள்: சரி.
வெறும் சரி.
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் புத்தகம் என்னிடம் வந்துசேர
மூன்று பேருந்து மாற வேண்டும்.
ஸ்பானியம் ஆங்கிலத்தில் இறங்கும்,
ஆங்கிலம் கிரியோலில் ஏறும்,
கடைசி நிறுத்தத்தில்தான் தமிழ்,
சனிக்கிழமை வகுப்பில் கற்ற, இஸ்திரி போட்ட தமிழ்.
வழியில் சில சொற்கள் தூங்கிப்போகும்.
அஓரா என்றால் 'இப்போது', பக்கம் பன்னிரண்டு.
எலாடியோ அஓரா என்று சொல்லிப் போனால்
வண்டியோட்டி பர்சுராமென்
இரண்டு சிகரெட்டை நிதானமாக முடிப்பார்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நானும் 'இதோ' என்று சொல்லிவிட்டுத்தானே
அரை மணி நேரம் பில்லைத் தேடுகிறேன்.

மேசைக்கு அவர் மேசா என்றார்.
அதற்கு மட்டும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஜூலைக் காற்றில் ஒருநாள்
குரலைத் தாழ்த்தி, கொன்ஸ்திபாதோ என்றார்.
பிரெஞ்சு காதில் விழுந்து வளர்ந்தவர் யாரும்
இதற்கு அகராதி பார்ப்பதில்லை.
பர்சுராமென் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.
நான் மருந்துக் கடைக்கு ஆளனுப்பி,
பப்பாளி இரண்டும் கூடவே வைத்து,
அவர் கண்ணைப் பார்க்காமல் பையை நீட்டினேன்.
பலே என்றார். தும்மினார்.
அந்தத் தும்மலிலாவது நான் விழித்திருக்கலாம்.

கப்பல் போன பிறகு பக்கம் எண்பத்தொன்று சொன்னது:
ஜலதோஷம்.

ஆறு வாரம்.
நடுக்கடலில் மூக்கடைத்த ஒரு மனிதர்
என் மருந்தோடு.

திரும்பி வந்தபோது இளைத்திருந்தார்.
பேசாமல் பட்டியலை நீட்டினார்.
கடைசி வரியில் இரட்டைக் கோடிட்டு:
பப்பாளி வேண்டாம்.
மன்னிப்புக்குக் கையேட்டில் ஐந்து வாக்கியங்கள்.
ஒன்றும் நினைவில்லை.
வாயில் வந்தது எங்கள் கிரியோல் பர்தோன்தான்.
அவரிடமும் ஏறக்குறைய அதே சொல் இருந்தது.
தே நாதா என்றார்.
'ஒன்றுமில்லை' என்றுதான் அதற்கு அர்த்தம், தெரியும்.
ஆனால் கோவில் திருவிழா நாடகத்தில்
கதாநாயகி கைகூப்பி அழைக்கும் அந்த நாதா
குறுக்கே வந்து நின்றது.
சிரிப்பை அடக்க
மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் போனேன்.

இன்று கிளம்பினார்கள்.
கீழே படகிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.
போய்! என்று பதில் கத்தினார்.
கூப்பிட்டவனுக்கு அது 'வருகிறேன்'.
சொல்லின் உள்ளே இருப்பதோ 'போகிறேன்'.
போய் வருகிறேன் என்று சொல்லியே போகும் எங்களுக்கு
அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.
மீதியை அவருக்குச் சொல்லவா என்று யோசிப்பதற்குள்
படகு நகர்ந்துவிட்டது.

சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
எலாடியோ கணக்கு.
முட்டை முப்பது தட்டு பாக்கி.