நான்கு அங்குலம்

நவம்பரில், டுலூத்தில், கராஜ் தரையில்
அட்டையை விரித்து என்னைப் படுக்கச் சொன்னான் டோய்வோ.
சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தான்.
குறுக்கே படுக்கிறாய் என்றான்.
முப்பது வருஷமாய் அப்படித்தான் என்றேன்.
நான்கு அங்குலம் கூட்டிக்கொண்டான்.

பழைய படகு ட்ரெய்லரின் அச்சு.
பிளைவுட்டை வளைக்க
வெந்நீரில் முக்கிய என் நல்ல துண்டுகள்.
மூன்றாவது பலகை நள்ளிரவில் வெடித்தது,
துப்பாக்கி என்று குரைத்தது பக்கத்து வீட்டு நாய்.
பசை காய வேண்டுமென்று ஹீட்டர் கராஜுக்குப் போனது;
பிப்ரவரி முழுக்கக் கோட்டோடு சாப்பிட்டோம்.

கண்ணீர்த்துளி போல என்றார்கள் பார்த்தவர்கள்.
எனக்கென்னவோ
ஏரிக்கு முதுகு காட்டி
அடைகாக்கும் கோழி.

ஏப்ரலில் முடிந்தது. முகாம்கள் திறக்கவில்லை.
வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுத்தோம்,
அணைக்க மறந்த சமையலறை விளக்கு
கண்ணில் படுகிற தூரத்தில்.

இரண்டு மணிக்கு மழை.
அலுமினியக் கூரை முழுக்கச் சோளம் பொரிகிற சத்தம்.
ஒரே ஒரு சொட்டு,
சரியாக என் நெற்றியில்.

டோய்வோ எழுந்திருக்கவில்லை.
தூக்கத்திலும் காதில் இருக்கிற பென்சிலை எடுத்து
இருட்டில் தடவி
ஈரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

நான் இன்னும் கொஞ்சம்
குறுக்கே நகர்ந்தேன்.