ஆயிரத்து நூறு கிராம்

பிப்ரவரி மாதக் கயானியில் பகல் என்பது
விலை கேட்டுவிட்டுப் போய்விடும் வாடிக்கையாளர்.
அவள் அதற்கும் பிறகு வந்தாள்.
பூட்ஸில் ஒட்டிய பனியை
மிதியடியில் நான்கு முறை தட்டினாள்,
தாளம் பிசகாமல்.

ஹில்க்கா கெம்ப்பைனன்.
பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது வேலை.
ஈராண்டுப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி மேசையில் விரித்து
சுருண்ட ஓரத்தை என் பேனாவால் அமுக்கிவைத்தாள்.
"கிளப் துப்பாக்கிக்கு பிளாஸ்டிக் உடம்பு.
சுட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது.
எனக்கு உலோகம் வேண்டும்.
காகிதத்தில் ஓட்டை போட மட்டும்."

எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.
பிறகு கேட்பார்கள்,
எது பார்க்க நன்றாயிருக்கும் என்று.

மூன்றை எடுத்துவைத்தேன்.
குண்டறை காலி என்று திறந்து காட்டினேன்.
அவளும் தன் பங்குக்குப் பார்த்தாள்,
போதாதென்று சுண்டுவிரலையும் விட்டு.
அது எனக்குப் பிடித்தது.

முதலாவது அலுமினியம்.
கையில் வாங்கியதுமே திருப்பித் தந்தாள்,
உப்பில்லாத கஞ்சியைத் தள்ளிவைப்பது போல.

இரண்டாவது முழு எஃகு,
நிக்கல் பூச்சு, வால்நட் கைப்பிடி,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ.
அதில் எனக்கு நிற்கும் லாபத்தை
நான் முகத்தில் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

"வெறுமனே அழுத்திப் பார்க்கலாமா?"
போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.
பின்சுவரில் இதற்கென்றே வைத்த கறுப்புப் பொட்டைப் பார்த்து நின்றாள்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

தந்திகளைத் தாங்குவதும் குதிரை,
தோட்டாவைத் தட்டுவதும் குதிரை.
அவளுக்கு இரண்டும் ஒரே லாயம் போலும்.
"பாதி வழியில் ஒரு மணலை மிதிக்கிறது," என்றாள்.
"கேட்கவில்லையா?"

இந்த வகையில் ஏழு விற்றிருக்கிறேன்.
ஏழு பேரும் பளபளப்பைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்.

மூன்றாவது பழையது. செக் நாட்டு எஃகு.
முந்தைய சொந்தக்காரரின் கட்டைவிரல்
நீலப் பூச்சைத் தின்று
ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு வெளுத்திருந்தது.
ஸ்லைடை மெல்ல இழுத்தாள், விட்டாள்.
இன்னொரு முறை.
அலமாரிச் சாவி எண்ணெயிட்ட பூட்டில் திரும்புவது மாதிரி
ஒரு சத்தம்,
நான் இத்தனை நாள் கவனிக்காதது.

கையை நீட்டிப் பிடித்தாள்.
அரை நிமிடம். முக்கால்.
பொட்டின்மேல் முன்குறி கொஞ்சம் அலைந்து
பிறகு அடங்கிற்று.

"கனம் தொந்தரவு இல்லையா?"
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.
மணிக்கட்டில் நீளமான தழும்பு.
"போன மார்ச்சில் ஏரிக்கரையில் வழுக்கி விழுந்தேன்.
உள்ளே தகடு, எட்டுத் திருகு.
நானும் உலோகச் சட்டகம்தான்.
இலேசானதைப் பிடித்தால்தான் நடுங்குகிறது."

விற்பவன் சொல்லக்கூடாததையும் சொன்னேன்:
வெளிக்கொட்டகையில், மைனஸ் இருபதில்,
எஃகு தோலைப் பிடித்துக்கொள்ளும்.
"டிசம்பரில் தேவாலயத்துப் பியானோவைத் திறந்திருக்கிறீர்களா?"
என்று கேட்டு
பதிலுக்குக் காத்திராமல் பணத்தை எண்ணினாள்.
முன்பணம், இருநூறு.
மீதி, போலீஸ் அனுமதி வந்ததும்.

வெறுங்கையோடு போனாள்.
நான் கதவைச் சாத்திவிட்டு
அந்த நிக்கல் அழகியை எடுத்து அழுத்திப் பார்த்தேன்,
பத்து முறை, கண்ணை மூடியும் திறந்தும்.
எந்த மணலும் தட்டுப்படவில்லை.
ஆனாலும் விலைச்சீட்டில் நூறு யூரோ குறைத்தேன்.

ஐந்து வாரம் ஆகிறது.
ஏரிப் பனி இன்னும் லாரி தாங்குகிறது.
அனுமதி வரவில்லை.
பெட்டகத்துக்குள், நூலில் கட்டிய சீட்டில் அவள் பெயர்,
என் கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு.
செவ்வாய்தோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன்.
அந்த வெளுத்த நாணயத்தின்மேல்
என் கட்டைவிரல் சரியாகப் பொருந்துகிறது.
விசையை மட்டும் தொடுவதில்லை.

சுருதி கூட்டி வைத்ததில்
வேறொருவர் சும்மா விரல் வைக்கக் கூடாது என்று
அவள் என்னிடம் சொல்லவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.