நாலே முக்கால் மில்லி ஆம்பியர்

காக்கி புக்கிட், ஏழாம் மாடி.
இரவு ஏழுக்குக் கட்டடம் குளிர்சாதனத்தை நிறுத்திவிடும்.
விளக்குகள் அசைவைப் பார்த்து எரிபவை.
பத்து நிமிடம் நான் அசையாவிட்டால்
ஆளில்லை என்று அணைந்துவிடும்.
கையைத் தூக்கி ஆட்டுவேன்,
பஸ்ஸை நிறுத்துகிறவளைப் போல.

மேசைமேல் பச்சைப் பலகை.
தூங்கு என்றதும் திரை இருள்கிறது.
உள்ளே ஒவ்வொன்றும் சரி, சரி என்கிறது.
மீட்டர் மட்டும் ஒப்பவில்லை:
நாலே முக்கால் மில்லி ஆம்பியர்.
கண்ணை மூடிக்கொண்டு யாரோ
போர்வைக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

துவாஸில் கொள்கலன் எண்ணும் முத்துவேழன்
மூன்று வரி அனுப்பியிருந்தார்.
காலையில் முழுச் சார்ஜ்.
மூன்று மணிக்கு வெறும் பிளாஸ்டிக்.
பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன், மேடம்.

பின்தூங்கி முன்னெழுவது பெண்ணுக்கு அழகென்று
என் கல்யாணத்தில்கூட ஒருவர் மைக்கில் வாழ்த்தினார்.
கர்னலில் அது பஸ்ஸுக்கு விதி,
சாலையில் ஓடாத பஸ்ஸுக்கு.
அதில் தொங்கும் கருவியெல்லாம் கண்ணயர்ந்த பிறகே
அது படுக்கலாம்; எழும்போது அதுதான் முதலில்.
ஒரு பிள்ளை புரண்டுகொண்டிருந்தாலும் போதும்,
பஸ், அதற்கு மேல் கடிகாரத் துடிப்பு,
அதற்கும் மேல் மின்னழுத்தம் தருவது,
வரிசையாக எல்லாரும் விழித்திருப்பார்கள்.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
கேமரா இல்லை. வைஃபை இல்லை.
பதினொன்றரைக்குத் தொடுதிரை டிரைவர்:
பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.
விழித்திரு என்று கேட்டு வாங்கியவன்
பிழை நேர்ந்ததும் பாதியில் ஓடியிருக்கிறான்,
போதும் என்று சொல்லாமல்.

யார் எழுதியது?
பெங் சூன் பக்கம் விரல் நீட்டத்
தயாராகத்தான் தேடினேன்.
மார்ச் ஒன்பது, பின்னிரவு 2.40.
என் பெயர்.

ஒரு வரி சேர்த்தேன்.
மீட்டர் இறங்கியது. நாலு. ஒன்று.
புள்ளி மூன்றில் நின்று லேசாக நடுங்கியது.
அதற்குள் விளக்கு அணைந்திருந்தது.
நான் கையை ஆட்டவில்லை.

காரணம் என்ற இடத்தில் எழுதினேன்:
வாங்கியதைத் திருப்பவில்லை. தவறு என்னுடையது.
இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
திரும்ப எழுதினேன்.

ஆயிரம் முறை தூங்கி எழு என்று
பலகைக்குச் சொல்லிவிட்டு
இருட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு சின்னப் பச்சைப் பொட்டு.
எத்தனை வரை எண்ணினேன், தெரியாது.

காக் ரொகாயாவின் வாளி உருண்டு வந்தபோது
விளக்குகள் முதலில் எழுந்தன,
பிறகு நான்.
"பெலும் பாலேக்?" என்றாள்.
இன்னும் இல்லை, காக்.
பலகை அறுநூற்றுப் பதின்மூன்றில் இருந்தது.
மேசையைத் துடைக்கட்டுமா என்றாள்.
அந்த மூலையை மட்டும்
விட்டுவிடச் சொன்னேன், மெதுவான குரலில்,
அதற்குக் காது இருப்பதுபோல்.